எழுத்து பொறுக்கின அக்கா

எனக்கு எழுபத்தெட்டு வயசு. நாலு பிள்ளை பெற்றேன், செத்துப்போன என் தங்கச்சி மகளையும் சேர்த்து அஞ்சு பேரை வளர்த்தேன். அஞ்சு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். எதற்கும் நான் இன்னொருத்தர் வாசலில் போய் நின்றதில்லை. என் படிப்பு மூணாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாகத்தான் வரும். எனக்கு அவசரமும் இல்லை. இங்கிலீஷில் ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எழுத்து ஒரு மனுஷனை என்ன பண்ணும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி இந்த லைன் வீடுகளில் வேறு யாருக்கும் தெரியாது.

அதை எனக்குக் காட்டினது லெட்டர் அக்கா.

அதன் சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. கேட்டால், "எதுக்கும்மே அது? ஊர்ல கீற பேரெல்லாம் போதாதா?" என்று சொல்லிவிட்டு முறத்தைத் தட்டும். ஒல்லியான உடம்பு, நல்ல கறுப்பு. வாயைத் திறந்தால் ஈறெல்லாம் நீலமாக இருக்கும், நாவல்பழம் தின்ற மாதிரி. அது நாவல்பழம் இல்லை. எதனால் என்று பின்னால் சொல்கிறேன்.

எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால், தங்கம் பிரித்த பிறகு கொட்டின மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு இந்தப் பக்கம், துரைமார் கல்லறை இருக்கிறது. சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கம் நடத்தின வெள்ளைக்காரர்களைப் புதைத்த இடம். அதற்குக் காவல் இருந்தவருடைய சம்சாரம்தான் அக்கா. அவர் போன பிறகு அந்த வேலையை அக்கா பார்த்தது. யாரும் அதற்கு வேலை கொடுக்கவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அது ஒரு பங்களாவில் ஆயாவாக இருந்ததாம். அந்த வீட்டு அம்மாள் மத்தியானத்தில் தூக்கம் வராமல், எழுத்து போட்ட மரக்கட்டைகளை மேசையில் பரப்பி விளையாடுவாள். தனியாக விளையாடிச் சலித்துப் போய் ஆயாவையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தையில் இருக்கிற எழுத்தைக் கலைத்து, ஒன்றும் கூடாமல் ஒன்றும் குறையாமல் வேறு வார்த்தை செய்ய வேண்டும். செய்தவர் அதற்கு அர்த்தமும் சொல்ல வேண்டும். அதுதான் ஆட்டம். அக்காவுக்கு இங்கிலீஷ் வந்தது அப்படித்தான். தண்ணி வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்கத் தெரியாது. உட்காருங்கள் என்று சொல்லத் தெரியாது. ஒற்றை ஒற்றையாக வார்த்தை தெரியும், அதன் அர்த்தம் தெரியும், அவ்வளவுதான்.

துரைமார் கல்லறையில் பேரெல்லாம் பளிங்குக் கல்லில் ஈய எழுத்தால் பதித்திருப்பார்கள். எங்கள் ஊர் பூமி சும்மா இருக்கிற பூமி இல்லை. கீழே ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீட்டில் தட்டுகள் கலகலவென்று ஆடும். பர்ஸ்ட் என்போம் அதை. பர்ஸ்ட் வந்தால் அடுப்பில் இருக்கிறதை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவோம். புருஷன் ஏறி வருகிறானா, அண்ணன் ஏறி வருகிறானா என்று ஆளை ஏற்றி இறக்குகிற கூண்டையே பார்த்துக்கொண்டு நிற்போம். நாங்கள் ஒரு பக்கம் ஓடும்போது லெட்டர் அக்கா முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்கும். ஓடாது. நடக்கும்.

ஏனென்றால் பூமி ஆடினால் கல்லில் இருந்து எழுத்து உதிரும். ஒரு கல்லில் ஒன்று, இன்னொரு கல்லில் இரண்டு. அக்கா புல்லுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போடும். எந்த எழுத்து எந்தக் கல்லில் இருந்து விழுந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒரு முழு வரியைப் படிக்கத் தெரிந்தால்தானே. அதனால் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி எழுத்துகளை நகர்த்தி நகர்த்தி ஒரு வார்த்தை சேர்க்கும். சேர்ந்த வார்த்தையை, பொக்கையாக இருக்கிற இடம் பார்த்து, சிமென்ட் குழைத்துப் பதித்துவிடும்.

ஒரு தரம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டியது. முறத்தில் நாலே எழுத்து.

"இது நேம். நேம்னா பேரு. இத்த மாத்தினா மீன். மீன்னா அர்த்தம். இன்னும் மாத்தினா மேன், குதிரைக்குப் பிடரியில தொங்குதே, அந்த மயிரு. இன்னும் ஒருவாட்டி மாத்தினா ஆமென். பாரு, எழுத்து அதே நாலுதான்."

"இதுல எதக்கா கல்லுல வெப்பே?"

"எது வெச்சாலும் எண்ணிக்கை சரியா வரணும். மிச்சம் வெக்கக் கூடாது."

அதுதான் அக்காவுடைய ஒரே சட்டம். சோற்றிலும் அப்படித்தான், ஒரு பருக்கை தட்டில் நிற்காது. அடுப்புக் கரியைத் தண்ணி தெளித்து அணைத்து மறுநாளைக்கு எடுத்து வைக்காது, முழுசாக எரிய விடும். யாராவது ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தினால், "மீதி இன்னா, அதையும் சொல்லிட்டுப் போ" என்று தெருமுனை வரைக்கும் கூடவே வரும்.

சில நாளில் எழுத்து மிஞ்சிப்போகும். எல்லா வார்த்தையும் சேர்த்த பிறகு ஒரே ஒரு எழுத்து முறத்தில் நிற்கும். அதை அக்கா தரையில் வைக்காது, பெட்டியில் போடாது. வெற்றிலை அடக்குகிற மாதிரி கன்னத்தில் அடக்கிக்கொள்ளும். அதற்கு ஒரு இடம் கிடைக்கிற வரைக்கும் அந்த ஈயத்தை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசும், தண்ணி குடிக்கும், தூங்கும். ஈறு நீலமானது அதனால்தான்.

அக்கா கன்னம் உப்பியிருந்தால் லைனே பயப்படும். அந்த எழுத்தில் பேர் ஆரம்பிக்கிற ஆள்தான் அடுத்துப் போகப்போவது என்று ஒரு பேச்சு. அக்கா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. ஊர் சொன்னது. ஒரு தரம் கன்னத்தில் இருப்பது எம் என்று எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. எங்கள் லைனில் மேரி இருந்தாள், மார்த்தா இருந்தாள், டீக்கடை மணி இருந்தான். மேரி மகள் வீட்டுக்கு பெங்களூருக்குப் போய்விட்டாள். மணி கடை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினான். மார்த்தா மட்டும் நேரே அக்காவிடம் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏய் அக்கா, துப்பு அத்த. உன் வாயில நான் இன்னா வெத்தலையா?"

அக்கா கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தது. "உன்னுது இல்லமே. போய் வேலயப் பாரு."

அந்த வாரம் செத்தது மார்த்தாவுடைய ஆடு. லைன் முழுக்கச் சிரித்தோம். அப்புறம்தான் மார்த்தாவின் மாமியார் சொன்னாள், அந்த ஆட்டுக்கு மோசஸ் என்று பேர் வைத்துக் கூப்பிடுவார்கள் என்று. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வெளிநாட்டில் இருந்து சில பேர் தாத்தா பாட்டி கல்லறையைத் தேடி வருவார்கள். ஒரு வயசான வெள்ளைக்கார அம்மாள் டாக்ஸியில் வந்து, குடை பிடித்துக்கொண்டு, ஒரு கல்லுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். அந்தக் கல்லில் மனைவி என்கிற வார்த்தைக்கு முன்னால் முதலில் டியர் என்று இருந்ததாம். அன்பான என்று அர்த்தம். அதே நாலு எழுத்தை அக்கா டேர் என்று வைத்திருந்தது. துணிந்து பார் என்று அர்த்தம். யார் இப்படிப் பண்ணினது என்று அந்த அம்மாள் கேட்டாள். டாக்ஸிக்காரன் பயந்துகொண்டே அக்காவிடம் வந்து கேட்டான்.

"ஒரு எழுத்து குறையுதா, எண்ணிப் பாக்கச் சொல்லு" என்றது அக்கா.

அவன் அதைச் சொன்னான். அந்த அம்மாள் நிஜமாகவே விரல் வைத்து எண்ணினாள். அப்புறம் அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் திரும்பி வந்து, "அப்பிடியே இருக்கட்டுமாம். அவங்க பெரிய பாட்டி அந்த மாதிரிப் பொம்பளதானாம். புருஷனை எதுத்துக்கிட்டு நின்னவளாம்" என்றான். செத்துப் பல காலம் ஆன பெண்பிள்ளையின் குணம் இந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும்? எழுத்துக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு சிமென்ட்டுச் சட்டியைக் கழுவப் போனது.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சுரங்கத்துத் தூசி அடைத்து, மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்த காலம். அக்கா பார்க்க வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் போர்வை மேல் விரலால் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தது. "எர்த்னா மண்ணு அண்ணே. ஹார்ட்னா நெஞ்சு. ரெண்டுக்கும் அதே அஞ்சு எழுத்துதான்" என்றது. நோயாளியிடம் பேசுகிற பேச்சா அது? எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்தான் கையைப் பிடித்து என்னை அடக்கினார். "இத்தினி நாளா டாக்டர் சொன்னது எனக்கு வெளங்கல. இந்தப் பொம்பள சொன்னது வெளங்குது" என்றார். மாரிக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

அதற்கப்புறம் சுரங்கத்தை மூடினார்கள். இனிமேல் பூமி ஆடாது என்று எல்லோரும் நினைத்தோம். ஆடியது. உள்ளே தண்ணி ஏறுகிறது, பாறை விட்டுக்கொடுக்கிறது என்று படித்தவர்கள் சொன்னார்கள். எப்போதாவது ஒரு நாள் தட்டு கலகலக்கும். ஓடி நிற்க வாசல் இல்லை, ஏறி வரக் கூண்டு இல்லை. அக்கா மட்டும் முறத்தை எடுத்துக்கொண்டு நடக்கும்.

இப்போது என் கடைசிப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். டேனியல். ரயிலில் பெங்களூருக்குப் போய்க் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயசில் இருந்தே அவனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு மாங்காயைத் திருடித் தின்றால் கொட்டையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவான். ரயிலில் யார் சண்டை போட்டார்கள், யார் யாருக்குப் பொண்ணு பார்த்தார்கள், எல்லாம் வந்து ஒப்பிப்பான். காது வலிக்கிறதுடா என்று நான் சொல்கிற அளவுக்குப் பேசுவான். அந்த வேலை போய்விட்டது. வீட்டில் பெண்டாட்டியும் கைக்குழந்தையும். எங்கள் எதிர்வீட்டு ரோசம்மாவின் ஒரே மகன் அருள், இவனோடு ஒன்றாய்ப் படித்தவன், அவனும் வேலை இல்லாமல்தான் இருந்தான். இரண்டு பேரும் காலையில் சேர்ந்து போவார்கள், சாயந்தரம் சேர்ந்து வருவார்கள். எங்கே போகிறார்கள் என்று நான் கேட்பதற்கு முன்னால் இவனே வந்து சொன்னான்.

"அம்மா, உள்ள காத்து போக வெட்டின பழைய ஷாஃப்ட்டு ஒண்ணுக்கு மூடி ஒடஞ்சிருக்கு. ஓரத்துல ஏணி நல்லாத்தான் கீது. நானும் அருளும் எறங்கி கொஞ்சம் மண்ணு சொரண்டிட்டு வரோம். அதுல இன்னும் தங்கம் கீதும்மா."

"உங்கப்பன் எப்பிடிச் செத்தான்னு பாத்தவன்தானே நீ?"

"அப்பா தெனம் போனாரு. நாங்க கொஞ்ச நாளைக்குத்தான்."

செருப்பை ஒளித்து வைத்தேன். வெறுங்காலோடு போனான். ரோசம்மாவிடம் சொன்னேன். அவளும் அருளைத் திட்டினாள், அழுதாள். அவனும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருக்கிறேன், தட்டெல்லாம் ஆடியது. நன்றாகவே ஆடியது. கஞ்சித் தண்ணி கையில் கொட்டியது. வெளியே வந்தேன். தெருவில் புதுசாகக் குடி வந்தவர்கள் லாரி போகுது என்று பேசிக்கொண்டார்கள். எதிர்வாசலில் ரோசம்மா நின்றாள்.

"அண்ணி, ஆடிச்சுதானே?"

"ஆடிச்சு."

அவள் ஷாஃப்ட் பக்கம் ஓடினாள். நானும் அங்கேதான் ஓடியிருக்க வேண்டும். என் கால் கல்லறைப் பக்கம் திரும்பியது. ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அக்கா ஒரு கல்லுக்குப் பக்கத்தில் முறத்தை வைத்துக் குந்தியிருந்தது.

"இன்னாமே, இங்க வந்துக்கிறே? உள்ள ஆளு கீறானா?"

"கீறான்."

"பேரு?"

"டேனியல்."

எழுத்தை நகர்த்திக்கொண்டிருந்த கை நின்றது. முறத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டது. நான் எட்டிப் பார்த்தேன். பார்த்து என்ன, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆறு எழுத்து இருந்தது. அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டு எனக்குச் சொன்னது. டி, ஏ, என், ஐ, இ, எல். அன்றைக்குக் கேட்டதுதான், இன்னும் மறக்கவில்லை.

"ஆறும் ஒரே கல்லுலருந்து விழுந்துதாக்கா?"

"இல்ல. ஆறும் வேற வேற கல்லு. இன்னிக்கு உதிர்ந்தது இவ்ளோதான். நான் மொதல்ல இப்பிடி வெச்சேன், பாரு. நெயில்டு. ஆணி அடிச்சு மூடியாச்சுன்னு அர்த்தம். புடிக்கல, கலச்சுட்டேன். அப்பறம் இப்பிடி. டினையல். இல்லன்னு சொல்றது, மறுத்துப் பேசுறது. இன்னொண்ணும் வருது. அத்த நான் வெக்க மாட்டேன்."

"ஏன்?"

"அது பேரு. மத்த வார்த்தைக்கெல்லாம் ஒரு அர்த்தம் கீது. கல்லுல வெச்ச பேருக்கு ஒரே அர்த்தந்தான்."

கஞ்சி கொட்டின இடம் அப்போதுதான் எரிய ஆரம்பித்தது. "அப்ப எதையும் வெக்காதே. தூக்கிப் போடு அந்த மேட்டு மேல" என்றேன்.

"போடக் கூடாதுமே. மிச்சம் வெச்சா அது தானா ஒரு எடம் தேடிக்கும். நீ சொல்லு. நான் வெக்கிறேன். மொதலா, ரெண்டாவதா?"

"ஆணி வேணாம்."

"யோசிச்சுச் சொல்லு. வெச்சா வெச்சதுதான்."

"ரெண்டாவத வை."

நான்தான் சொன்னேன். மறுபடி அங்கே கொண்டுபோய் நிறுத்திக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பெற்றவள் வேறு எதைச் சொல்வாள்?

பேரெல்லாம் அழிந்து வழவழவென்று இருந்த ஒரு சின்னக் கல்லில் அக்கா ஆறு எழுத்தையும் வரிசையாக அழுத்தியது. ஒவ்வொன்றையும் அழுத்தும்போது கட்டை விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தது. கடைசி எழுத்தை வைத்ததும், "வீட்டுக்குப் போ" என்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் டேனியல் உட்கார்ந்திருந்தான். தலை ஈரமாக இருந்தது. கொடியில் அவன் பேன்ட்டும் சட்டையும் சொட்டிக்கொண்டிருந்தன. அதுவரைக்கும் அவன் தன் துணியைத் தானே துவைத்ததில்லை. துவைத்தும் அந்த வாசனை போகவில்லை, வெயிலே படாத மண்ணின் வாசனை. என் புருஷன் துணியில் எத்தனையோ வருஷம் முகர்ந்தது, எனக்குத் தெரியாதா?

"எப்படா வந்தே?"

"எங்கியும் போகல."

"அருள் எங்கடா?"

"தெரியாது. நான் பாக்கல."

அவன் என்னிடம் சொன்ன முதல் பொய் அது. குரல் அவன் குரல்தான். ஆனால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. சோறு போட்டேன். சாப்பிட்டான். பசியாறினியா என்றேன். இல்ல என்றான். இன்னும் போடவா என்றேன். அதற்கும் இல்ல என்றான்.

பொழுது சாய்வதற்குள் ரோசம்மா வந்தாள். காலெல்லாம் முள் கீறல். ஷாஃப்ட்டு வாயில் புழுதி மட்டும்தான் வருது, கூப்பிட்டால் பதில் இல்லை என்றாள். டேனியல் முன்னால் உட்கார்ந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அருளு இன்னிக்கு உன்னோட வந்தானா?"

"இல்ல சித்தி."

"காத்தால நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போனீங்க? நான் பாத்தேனே."

"இல்ல சித்தி. அவன் பெங்களூருக்குப் போறேன்னான். அங்கதான் போயிருப்பான்."

போலீஸ் வந்தது. நான் அந்த ஆபீசர் முன்னால் நேராக நின்று சொன்னேன்: என் பையனும் இவள் பையனும் அந்தக் குழிக்குள்தான் இறங்குவார்கள், என் பையனே என்னிடம் சொன்னான், துணியை முகர்ந்து பாருங்கள். ஆபீசர் டேனியலைப் பார்த்தார். "இல்ல சார். அம்மாவுக்கு வயசாயிடுச்சு சார். அப்பா போனதுலருந்து இப்பிடித்தான் பேசுறாங்க" என்றான். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார், குழந்தையிடம் சொல்கிற மாதிரி. அஞ்சு பேரை வளர்த்தவள் நான். என் பேச்சு ஒரு சபையில் செல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

உள்ளே ஆள் இருக்கிறான் என்று நான் சொன்னதை ஒருத்தரும் நம்பாததால் யாரும் தேடி இறங்கவில்லை. இனிமேல் யாரும் இறங்கக் கூடாது என்று ஷாஃப்ட்டு வாயில் கல்லும் மண்ணும் கொட்டி, மேலே சிமென்ட் போட்டார்கள். ரோசம்மா தினமும் சாயந்தரம் ரயில் ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தாள். பெங்களூர் ரயில் வரும். வேலைக்குப் போனவர்கள் எல்லாம் டிபன் பையோடு இறங்குவார்கள். கடைசி ஆள் போகிற வரைக்கும் நின்றுவிட்டு வருவாள். அப்போது கைக்குழந்தையாக இருந்த என் பேத்தி எஸ்தர் இப்போது காலேஜுக்குப் போகிறாள். ரோசம்மா இன்னும் ஸ்டேஷனுக்குப் போகிறாள். மகனுக்கு ஒரு ஜெபம் வைக்கவில்லை, ஒரு சிலுவை நடவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படி அண்ணி வைக்கிறது என்கிறாள்.

டேனியல் உயிரோடுதான் இருக்கிறான். வேலைக்குப் போகிறான், சம்பளம் கொண்டுவருகிறான், குடி இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற வார்த்தை இல்லை. தூங்கினியா? இல்ல. தலை வலிக்குதா? இல்ல. எஸ்தர் சின்னவளாக இருந்தபோது, "அப்பா, உனக்கு ஃப்ரெண்டே இல்லியா?" என்று கேட்டாள். இல்ல என்றான். எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த ரோசம்மாவுக்கு அது கேட்டது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் அக்காவிடம் ஒரு தரம் சண்டைக்கே போனேன். என் வீட்டுக்காரர் உளியை எடுத்துக்கொண்டு போய், அந்தச் சின்னக் கல்லுக்கு முன்னால் நின்று, பெயர்த்து எடுக்கப் போகிறேன் என்றேன்.

"எடுத்தா மறுபடி மூணும் வரும்" என்றது அக்கா. "ஆணியும் வரும். பேரும் வரும். பரவாயில்லன்னா எடு."

உளி கையில் கனத்தது. "அப்ப அவன் இப்பிடியே இருக்கணுமா?"

"நீ கேட்டே, நான் வெச்சேன். இப்ப அது என் கையில இல்ல, உன் உளியிலயும் இல்ல. அவன் வாயில கீது. ஒரே ஒருவாட்டி ஆமான்னு சொன்னா, அதுக்கப்பறம் அந்த வார்த்தைக்கு இங்க இன்னா வேல?"

அக்கா சாகும்போதும் ஒரு எழுத்து மிஞ்சியிருந்தது. குளிப்பாட்டினது நாங்கள் சில பெண்கள். வாயைத் துடைக்கும்போது கன்னத்துக்குள் விரலில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தோம். ஈயம், வாய்ச்சூடு போகாமல் வெதுவெதுப்பாக இருந்தது. செத்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது, ஆனாலும் அப்படி இருந்தது. இங்கிலீஷ் படித்த சின்னப் பெண்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என்ன எழுத்து என்று நானும் கேட்கவில்லை. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, தாடையைத் துணியால் கட்டினேன். அக்காவுடைய கல்லறையில் பேர் இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. எங்களுக்குப் பேர் தெரிந்தால்தானே போடுவதற்கு. உதிர்ந்து விழுவதற்கும் அங்கே ஒன்றும் இல்லை.

அந்தச் சின்னக் கல் இன்னும் இருக்கிறது. ஆறு எழுத்தும் கெட்டியாக இருக்கிறது. அக்கா வைத்த மற்றதெல்லாம் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துவிட்டது. இது மட்டும் நேற்று வைத்த மாதிரி இருக்கிறது, தொட்டால் கை சுடுகிறது.

அவன் ஆமா என்று சொன்னால் அவனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரோசம்மா அந்தப் பிளாட்பாரத்தில் நின்று நின்று கிழவியாகிவிட்டாள். நான் என் பிள்ளையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பிள்ளை எங்கே கிடக்கிறான் என்றாவது அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நாள் உட்கார்ந்து இதை எழுதினேன். நேரில் கேட்டால் இல்லை என்று எழுந்து போய்விடுகிறான். எழுதி வைத்ததற்கு முன்னால் எழுந்து எங்கே போவான்?

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டேனியல் உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறான், தூங்கவில்லை. ரோசம்மாவை நான்தான் வரச்சொல்லி நடுக்கூடத்தில் உட்கார வைத்திருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை. டீ கொடுத்திருக்கிறேன், குடிக்காமல் கையில் வைத்திருக்கிறாள்.

எஸ்தர், இங்கே வாம்மா. இந்தா, இந்தத் தாளைப் பிடி. என் எழுத்து உனக்குப் புரியும். உங்கப்பன் ரூம் கதவைத் திறந்து வை. முதல் வரியில் இருந்து சத்தமாகப் படி. நடுவில் அவன் இல்லம்மா, இல்லம்மா என்பான். நீ நிறுத்தாதே. படி.